மப்பொன்தின் கைக்கு வரும்வரை

பர்மாவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் பதினெட்டு வயதில் குடியுரிமை அடையாள அட்டைக்காகப் படும் பாட்டை நம்மில் யாரும் எழுதி வைப்பதில்லை. வீட்டுக்குள் பேசுவோம், பீலிக்கான் முனீஸ்வரர் கோயில் திருவிழாவில் சந்தித்தால் பேசுவோம், அடுத்த வீட்டுப் பையன் அதே இடத்தில் மாட்டிக்கொண்டால் "எங்களுக்கும் அப்படித்தான்ப்பா, நம்ம விதி" என்று தோளைத் தட்டிவிட்டுப் போவோம். எனக்கு அந்த ஆறுதல் நிறையக் கிடைத்தது. எந்தத் தாள் வேண்டும், சட்டத்தில் எந்தப் பிரிவு, யாரிடம் போய் நிற்பது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. நான்கு வருடமும், ஏழு லட்சம் கியாட்டுக்கு மேல் பணமும், படிக்க நினைத்த படிப்பும் அதில் போயின. இன்னொரு பிள்ளை அப்படித் தனியாக நிற்கக் கூடாது என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

வெளியூரில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும். இங்கே அடையாள அட்டையை மப்பொன்தின் என்போம். 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் குடிமக்களை மூன்று வகையாகப் பிரித்தது. முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு அட்டை, இணைக் குடிமகனுக்கு நீலம், மனுப்போட்டுக் குடியுரிமை பெற்றவருக்குப் பச்சை. 1823ஆம் ஆண்டுக்கு முன்பே இந்த மண்ணில் இருந்த இனங்களைச் சேர்ந்தவர்களுக்குக் கேள்வியே இல்லை. நாமெல்லாம் வெள்ளைக்காரன் காலத்தில் நெல் அறுக்கவும் துறைமுகத்தில் மூட்டை தூக்கவும் செட்டியார் கடைகளில் கணக்கெழுதவும் வந்தவர்களின் பிள்ளைகள். ஆகவே பாட்டன் காலத்துத் தாள்களைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் வழி திறக்கும். அட்டை எண்ணைப் பார்த்தாலே ஆள் எந்த வகை என்று தெரிந்துவிடும். ரங்கூன் என்றால் 12 என்று தொடங்கி, ஊர்க் குறியீடு வந்து, அதையடுத்துப் பிறைக்கோட்டுக்குள் முழுக் குடிமகனுக்கு 'நைங்', இணைக் குடிமகனுக்கு 'எ', மனுப்போட்டவருக்கு 'ப்யு' என்று இருக்கும். வேலை கேட்டுப் போகும் இடத்தில் முதலில் அந்த எழுத்தைத்தான் பார்ப்பார்கள்.

எங்கள் ஊர் ரங்கூனை ஒட்டிய சிரியம், இப்போது தன்லின். அப்பாவின் அப்பா அந்நியர் பதிவுச் சீட்டை வருடாவருடம் பணம் கட்டிப் புதுப்பித்தே காலத்தை ஓட்டியவர். 1964இல் கடைகள் அரசுடைமையான பிறகு அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லோரும் கப்பலேறிச் சென்னைக்குப் போய்விட்டார்கள். பாட்டி மட்டும் "பிள்ளைகளைப் பெத்த மண்ணை விட்டு வரமாட்டேன்" என்று சொன்னதால் அவர் தங்கிவிட்டார். நாடு விடுதலையான 1948 ஜனவரி 4க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி காட்டி அப்பா பச்சை அட்டை வாங்கினார். அம்மா வீட்டில் கதை வேறு. அந்தத் தாத்தா பாட்டிக்கு ஐம்பதுகளிலேயே மூன்று மடிப்பு மப்பொன்தின் இருந்தது. அதனால் அம்மாவுக்கு இளஞ்சிவப்பு. இந்த ஒரு விவரத்தில்தான் என் வாழ்க்கையே அடங்கியிருந்தது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அதன் மதிப்புத் தெரியாது.

எனக்குக் கப்பல் ஆசை. எங்கள் ஊரைச் சுற்றி ஆறு, ஆறு நிறையக் கப்பல். 2002இல் கடல்சார் பல்கலைக்கழகம் எங்கள் தன்லினிலேயே வந்தது. சைக்கிளில் அந்த வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மாணவர்களின் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டே போவேன். எஞ்சின் படிப்புப் படித்துக் கப்பலில் இஞ்சினியராகப் போக வேண்டும், அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு செங்கல் வீடு கட்ட வேண்டும். பதினைந்து வயதிலிருந்து வேறு எண்ணம் இல்லை. அப்பா நான் பள்ளியின் கடைசி வகுப்பான பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே இறந்துவிட்டார். 2007இல் பத்தாம் வகுப்புத் தேறினேன், மார்க்கும் வந்திருந்தது. தொழிற்கல்விக்கு முழுக் குடியுரிமை அட்டை வேண்டும் என்றார்கள். பத்து வயதில் எடுக்க வேண்டிய முதல் அட்டையே எங்கள் வீட்டில் எடுக்கப்படவில்லை. குடிவரவு அலுவலகத்துக்கு, நாங்கள் லவக என்று சொல்லும் இடத்துக்கு, அம்மாவோடு போனேன். மேசையில் இருந்தவர் அப்பாவின் பச்சை அட்டையைப் பார்த்தார். "அப்பா பச்சை, பிள்ளையும் பச்சை" என்றார். அம்மாவின் அட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அன்று எனக்கு வந்தது கோபம் இல்லை, வெட்கம். ஏதோ திருட வந்து பிடிபட்டவன்போல் கூசி நின்றேன். நம் ஆட்கள் நிறையப் பேர் இந்த இடத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். அலுவலகத்தில் ஒருவர் வாயால் சொன்னதைச் சட்டம் என்று எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து அதற்கு விதி என்று பெயர் வைத்துவிடுகிறோம். என் சித்தப்பாவும் அதையே சொன்னார். "நமக்கு எழுதினது அவ்வளவுதான் தம்பி, ஆசையைக் குறைச்சுக்கோ." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மூன்று தலைமுறையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்று பழகிய உடம்பு அது. ஆனால் அந்த வார்த்தை என்னைக் கிட்டத்தட்ட ஒரு வருடம் முடக்கிப் போட்டது. கடவுளே எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார் என்றே நம்பினேன். பெரியவர்கள் பிள்ளைகளிடம் விதி என்று சொல்லும் முன் ஒரு தடவை யோசிக்க வேண்டும். மரணத்துக்குச் சொல்லுங்கள், வெள்ளத்துக்குச் சொல்லுங்கள், ஒரு குமாஸ்தாவின் சோம்பலுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்துவிடாதீர்கள்.

முதல் செய்தி இதுதான். பிள்ளைக்குப் பத்து வயது ஆனவுடன் முதல் அட்டையை எடுத்துவிடுங்கள். அப்போது பெற்றோர் இருவரும் உயிரோடு இருப்பார்கள், தாத்தா பாட்டி சாட்சி சொல்ல இருப்பார்கள், படிப்புக்கான அவசரமும் இருக்காது. அலுவலகத்தில் முடியாது என்றால், எந்தப் பிரிவின்படி முடியாது என்று மரியாதையாகக் கேளுங்கள். "சயா (ஐயா), எழுத்தில் தர முடியுமா?" என்று கேட்டாலே பாதிப் பேர் குரலைத் தணித்துவிடுகிறார்கள். எழுதித் தருவது அபூர்வம். ஆனாலும் கேட்டவனை மறுபடி வரச்சொல்வார்கள், கேட்காதவனை அனுப்பிவிடுவார்கள்.

அதற்கப்புறம் தரகர். சித்தப்பாவுக்குத் தெரிந்தவர், நம் ஆள், தமிழ் பேசுபவர். இளஞ்சிவப்பு வாங்கித்தர மூன்று லட்சம் கேட்டார். நான் அப்போது ஒரு வெல்டிங் பட்டறையில் மாதம் நாற்பதாயிரம் கியாட்டுக்கு வேலை பார்த்தேன். அம்மா தன் சங்கிலியை விற்றார். பணம் போனது, இன்னும் பத்து நாள், அடுத்த மாதம், பெரிய சயா மாற்றலாகிவிட்டார் என்று சாக்குகள் வந்தன, ஆள் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். தரகர் எல்லோரும் திருடர் என்று சொல்லமாட்டேன், வேலை நேரம் இழக்க முடியாத கூலிக்காரனுக்கு வரிசையில் நிற்கவும் படிவம் நிரப்பவும் ஒருவர் தேவைதான். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நேர்மையான ஆள் முதலில் உங்கள் தாள்களைக் கேட்பார், எது குறைகிறது என்று சொல்வார், படிப்படியாகக் கூலி வாங்குவார். உங்கள் பாட்டனார் எங்கே பிறந்தார் என்றுகூடக் கேட்காமல் தொகையை மட்டும் சொல்பவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். மூலத் தாளை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். அம்மாவின் அட்டையை அவரிடமிருந்து திரும்ப வாங்குவதற்கே தனியாகப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

இதைவிடக் கடினமான ஒன்று அதே காலத்தில் வந்தது. அலுவலகத்தோடு தொடர்புள்ள ஒருவர் நல்ல மனதோடுதான் சொன்னார். "இனம் பாமா, மதம் பௌத்தம் என்று எழுதிக்கொள், ஒரு மாதத்தில் முடித்துத் தருகிறேன்." பாமா என்றால் பெரும்பான்மைப் பர்மிய இனம். மப்பொன்தினில் இனத்துக்கு ஒரு வரி, மதத்துக்கு ஒரு வரி இருக்கிறது. எனக்கு அது இரண்டு வரி மை. வெளியே போனால் என்னை எல்லோரும் பர்மியப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், புத்தரையும் கும்பிடுகிறோம், கியாய்க்காவ் பகோடாவுக்கு வருடந்தோறும் அம்மாவே கூட்டிப்போவார். எழுதினால் என்ன? சில இரவுகள் தூங்கவில்லை. அந்த வெள்ளைச் சட்டை கண்ணில் நின்றது. உண்மையைச் சொன்னால், எழுதிவிடுவது என்றே தீர்மானித்திருந்தேன். அம்மாவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. "உன் அப்பன் பெயருக்குப் பக்கத்தில் பொய் எழுதினா, நாளைக்கு உன் பிள்ளைகிட்ட நான் யாருன்னு சொல்லுவே?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அப்படி எழுதிக்கொண்டவர்கள் நம்மில் நிறையப் பேர். என் சொந்தக்காரர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன், பசியும் பிள்ளைகளின் படிப்பும் மனிதனை எவ்வளவு தூரம் தள்ளும் என்று அந்த இரவுகளில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆசை கெட்டது என்றும் நான் நினைக்கவில்லை. அது ஒன்று மட்டும் கண்ணில் படும்போது மற்றதெல்லாம் சின்னதாகத் தெரிகிறது, ஆபத்து அங்கேதான். பின்னால்தான் தெரிந்தது, அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு பொய் சொல்லியோ மறைத்தோ பெற்ற குடியுரிமையைப் பறிப்பதோடு பத்து ஆண்டுச் சிறையும் ஐம்பதாயிரம் கியாட் அபராதமும் விதிக்கிறது என்று. மாத்தித் தருகிறேன் என்று சொல்பவருக்கு அந்தப் பிரிவு தெரியும். உங்களிடம் சொல்லமாட்டார்.

2008 மே 2 இரவு நர்கிஸ் புயல். இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல் என்று பின்னால் கணக்குச் சொன்னார்கள். ஐராவதி டெல்டா அழிந்ததைப் பார்க்கும்போது நாங்கள் இழந்தது ஒன்றுமே இல்லை. கூரை போயிற்று, தகரப் பெட்டிக்குள் தண்ணீர் ஏறியது. அந்தப் பெட்டியில்தான் அம்மாவைப் பெற்றவர்களின் மூன்று மடிப்பு அட்டைகளும் பழைய குடும்பப் பட்டியலும் இருந்தன. நான் பைத்தியம் பிடித்தவன்போல் அவற்றை வெயிலில் விரிக்கப் போனேன். பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மா ஓடிவந்து தடுத்தார். வெயிலில் போட்டால் மை பறந்துவிடும், தாள் சுருண்டு ஒடியும் என்றார். தன் வீட்டுக் கூரையும் பாதி இல்லாத நிலையில், உலர்ந்த துணி தேடி எடுத்து, ஒவ்வொரு தாளாக இரண்டு துணிக்கு நடுவில் வைத்து, மேலே பலகை போட்டு, நாலு மணிக்கொரு தடவை துணி மாற்றி, நிழலிலேயே காய வைத்தார். ஒரு முத்திரை மங்கியது, மற்றதெல்லாம் பிழைத்தது. எங்களை ஊருக்குத் திரும்பிப் போகச் சொல்லித் தெருவில் கத்தியவர்களும் இதே ஜனங்கள்தான், இந்த அம்மாவும் இதே ஜனங்கள்தான். ஓர் இனத்தையே சேர்த்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் எனக்கு அன்றோடு போயிற்று.

ஆகவே தாள்கள். மூலத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில், தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். லாமினேட் செய்யாதீர்கள், உள்ளே ஈரம் சிக்கினால் மை படரும், பின்பக்கம் முத்திரை வைக்கவும் முடியாது. இரண்டு செட் நகல் எடுத்து வேறு வேறு வீட்டில் வையுங்கள், போனில் படமும் எடுத்து வையுங்கள். இறந்துபோனவர்களின் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், இறப்புச் சான்றோடு சேர்த்து வையுங்கள். நமக்கு உயிரோடு இருப்பவர்களைவிட இறந்தவர்கள்தான் அதிகம் சாட்சி சொல்கிறார்கள்.

அந்தப் புயலுக்குப் பிறகு அலுவலகத்தில் காணாமற்போன தாள்களைப் புதுப்பிக்கக் கூட்டம். அங்கே ஓர் இளநிலைக் குமாஸ்தா, ஏற்கெனவே என்னிடம் தேநீர்க் காசு என்ற பெயரில் லஞ்சம் வாங்கியவர், என் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "உன் அம்மா நைங் ஆயிற்றே, ஏழாம் பிரிவைப் படித்தாயா?" என்றார். படித்தேன். சட்டப் புத்தகம் தெருவோரப் பழைய புத்தகக் கடையிலேயே கிடைத்தது. பெற்றோரில் ஒருவர் முழுக் குடிமகன், மற்றவர் மனுப்போட்டுக் குடியுரிமை பெற்றவர் என்றால் பிள்ளை முழுக் குடிமகன். அப்படியே அச்சடித்திருந்தது. பெற்றோர் இருவருமே மனுப்போட்டவர்களாகவோ, ஒருவர் மனுப்போட்டவரும் மற்றவர் அந்நிய நாட்டவருமாகவோ இருப்பது போன்ற நிலைகளில்தான் பிள்ளை பச்சைக்கு மனுப்போட வேண்டும், அது 43ஆம் பிரிவு. ஒரு வருடத்துக்கு மேல் நான் விதி என்று நினைத்து அழுதது நாலு காசுப் பழைய புத்தகத்தில் எனக்குச் சாதகமாகவே இருந்தது. அந்தக் குமாஸ்தா காசும் வாங்கினார், வழியும் காட்டினார். அவரை நல்லவர் கணக்கில் வைப்பதா, கெட்டவர் கணக்கில் வைப்பதா என்று இன்றுவரை எனக்குத் தீரவில்லை, அவருக்கு நன்றியோடு இருக்கிறேன்.

அடுத்த சிக்கல் பெயர். அம்மாவுக்கு வீட்டில் அம்மன் பெயர். பள்ளிக்கூடத்தில் முன்னால் 'மா' சேர்த்து ஒரு பர்மியப் பெயர். என் பிறப்புச் சான்றில் அவருடைய முதல் பெயர், அவர் மப்பொன்தினில் இரண்டாவது பெயர், 66/6 படிவக் குடும்பப் பட்டியலில் இரண்டாவது பெயரே ஓர் எழுத்து மாறி. இரண்டும் ஒரே பெண் என்று நான் நிரூபிக்க வேண்டும். இதற்கு வக்கீல் முன்னிலையில் அபிடவிட் என்னும் சத்தியப் பத்திரம், வார்டு அலுவலகச் சிபாரிசு, பத்து வீட்டுத் தலைவர் கையெழுத்து, இரண்டு சாட்சிகள் கேட்டார்கள். இளஞ்சிவப்பு வைத்திருந்த என் சொந்தக்காரர்கள் சாட்சிக்கு வரவில்லை. ஒருவர் ஊருக்குப் போவதாகச் சொன்னார், ஒருவர் கதவே திறக்கவில்லை. தங்கள் தாள்களையும் யாராவது மறுபடி நோண்டிவிடுவார்கள் என்ற பயம். அப்போது மனம் கசந்தது, அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கே போகவில்லை. இன்றைக்கு அவர்கள் எந்தத் தாளில் எந்த வரியை மாற்றி எழுதியிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். பயத்தில் இருக்கும் மனிதனிடம் பாசத்தை அளந்து பார்க்கக் கூடாது. சாட்சிக்குச் சொந்தத்தைத் தேடாமல், தாள் சுத்தமாக உள்ள, தெருவில் நீண்டகாலம் குடியிருக்கும் பர்மிய அண்டை வீட்டாரைக் கேளுங்கள். எனக்குக் கையெழுத்துப் போட்டது துணியில் தாள் உலர்த்திய அந்த அம்மாவும், ஒரு காசு வாங்காத பத்து வீட்டுத் தலைவரும்.

அம்மாவின் பெயருக்கு வலுவான ஆதாரம் கோயிலிலிருந்து வந்தது. எங்கள் ஊர்ச் சிறிய கோயிலின் பழைய வரவு செலவு நோட்டில், அம்மா அப்பா கல்யாணத்துக்குக் கட்டிய தொகைக்கு எதிரே அம்மாவின் இரண்டு பெயரையும் எழுதி வைத்திருந்தார் அக்காலத்துக் கணக்கர். அதைக் காட்டிக் கோயில் நிர்வாகத்தார் ஒரு கடிதம் கொடுத்தார்கள், அபிடவிட்டோடு இணைத்தோம். கோயில் பொறுப்பில் இருப்பவர்கள் தயவுசெய்து கல்யாணம், காதுகுத்து, காரியம் எல்லாவற்றையும் தேதி போட்டு, எல்லாப் பெயரையும் சேர்த்து எழுதி வையுங்கள். அம்மன் சேலையை மாற்றுவதற்குச் சமமான கைங்கரியம் அது.

பீலிக்கான் முனீஸ்வரருக்கு, அட்டை கிடைத்தால் தீ மிதிப்பதாக வேண்டியிருந்தேன். மனு உள்ளே போய் மாதக்கணக்கில் பதில் இல்லை. பூசாரி ஐயாவிடம் புலம்பினேன். "கூலி மாதிரி ஏன்ப்பா சாமிகிட்ட பேசுற? மிதிக்கணும்னு தோணினா இந்த வருஷமே மிதி" என்றார். விரதம் இருந்து அந்த வருடமே இறங்கினேன். என் பின்னால் பர்மியர்களும் மஞ்சள் கட்டி இறங்கினார்கள். அதனால் மனு நகர்ந்தது என்று சொல்லமாட்டேன், அதற்குப் பிறகும் நெடுநாள் ஆயிற்று. ஆனால் தீயில் அந்த நாற்பது அடியும் நடந்து முடிந்தபோது, அட்டை வராவிட்டாலும் நான் இருப்பேன் என்ற தெம்பு வந்தது. அலுவலகத்தில் நிற்கும்போது கூச்சம் போயிற்று. பக்தி எனக்குக் கொடுத்தது அதுதான், அது சின்னது இல்லை.

2011இல் இளஞ்சிவப்பு அட்டை வந்தது. 'நைங்' என்ற எழுத்தைத் தடவிப் பார்த்தேன், பெரிய சந்தோஷம் எதுவும் வரவில்லை. களைப்புத்தான் வந்தது. சேர்க்கை அந்தந்த வருடப் பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து என்பதால் கடல்சார் படிப்பு எனக்குப் போனது போனதுதான். அம்மா சங்கிலி திரும்பவில்லை. பிறகு பாஸ்போர்ட்டும் கப்பல் தொழிலாளிப் புத்தகமும் எடுத்து, பாதுகாப்புப் பயிற்சி முடித்து, எஞ்சின் அறையில் எண்ணெய் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்து, இப்போது இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் ஆயிலராகப் போய்வருகிறேன். இஞ்சினியர்களைப் பார்க்கும்போது இன்றும் நெஞ்சில் ஒன்று குத்தும். அதை மறைக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

என் தங்கைக்குப் பதினெட்டு வந்தபோது அவளுடைய மனுவோடு என் அட்டையின் நகலையும், என் கோப்பு எண்ணையும், அபிடவிட்டின் நகலையும் வைத்தோம். ஒரே தாய் தகப்பன், ஒரே பிரிவு, முன்பே ஏற்கப்பட்ட ஆதாரம். பச்சை என்ற பேச்சே எழவில்லை, மூன்று மாதத்துக்குள் முடிந்தது, தேநீர்க் காசும் கேட்கவில்லை. ஆகவே வீட்டில் ஒருவருக்கு இளஞ்சிவப்பு கிடைத்தவுடன், மற்றப் பிள்ளைகளின் மனுவைத் தள்ளிப்போடாமல், அந்தக் கோப்பு அதே அலுவலகத்தில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்போதே போட்டுவிடுங்கள்.